கேம்ப் வாரம்: இன்று உங்களுக்கு யார் என்ன செய்தார்கள்?

இயற்பியல் டீச்சர் (புதன், இரவு 8.50)

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் கேம்ப்பில் வாரத்தின் நடுவில் நிற்கிறோம். காலையில் 12 தாள், மதியம் 12 தாள். இயற்பியலில் ஒரு பிள்ளை எழுத வேண்டியது ஒரு மார்க் 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5. ஆக 32 விடை. 24 தாளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளில் 768 விடையைப் படித்து மார்க் போடுகிறோம். நேரம் மிச்சமிருக்கிறதே என்று சாய்ஸையும் சேர்த்து எழுதிய பிள்ளையின் தாள் வந்தால் அது இன்னும் ஏறும். வெளியே ஏப்ரல் வெயில். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

இந்த அலுப்பை வீட்டில் சொன்னால் "உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அதனால்தான் இந்த இழை. கேம்ப்போ பள்ளியோ, இந்த வாரம் எங்கே வேலையில் இருந்தாலும் சரி, கூட வேலை பார்ப்பவர் ஒருவர் உங்களுக்குச் செய்த நல்லதை இங்கே எழுதுங்கள். சின்னதாக இருந்தாலே போதும். பெரிய உதவியை எப்படியும் நினைவில் வைத்திருப்போம்.

என்னுடையதைச் சொல்கிறேன். ஒரு மார்க் கேள்விக்கு ஏ வகை, பி வகை என்று இரண்டு விடைக்குறிப்பு. மதியம் கண் சொருகும் நேரத்தில் இரண்டும் கலங்கும். என் வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் டீச்சர் வேறு பள்ளி, இந்தக் கேம்ப்பில்தான் அறிமுகம். ஒவ்வொரு தாளையும் எடுத்தவுடன் "ஏ" என்றோ "பி" என்றோ மெல்லச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார். தனக்காகத்தான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் நானும் என் கையில் இருப்பது என்ன வகை என்று ஒரு முறை பார்த்துவிடுகிறேன். இன்று டீ குடிக்கும்போது அவரிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொல்கிறார்.

கரிசல்காட்டு சார் (புதன், இரவு 9.15)

டீச்சர், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு கேம்ப்பைப் பற்றிப் பேச எனக்கு வராது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் போர்டில், அதாவது ஒன்றாகத் திருத்தும் குழுவில், சி.இ. (தலைமைத் தேர்வாளர்), எஸ்.ஓ. (கூர்ந்தாய்வு அலுவலர்), ஏ.இ. (தாளைத் திருத்தும் உதவித் தேர்வாளர்) எல்லோரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். விளாத்திகுளம் பக்கத்துக்காரர் ஒரு தூக்குச்சட்டியில் கம்மங்கூழ் கொண்டுவருவார், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் பையில் வெள்ளரிக்காயும் சேவும் இல்லாத நாள் கிடையாது. கோவில்பட்டிக்காரர் என்றால் கடலைமிட்டாய் என்று சொல்லவே வேண்டாம். நான் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பதால் கொண்டுபோக என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் நாள் ஹோட்டல் பொட்டலத்தோடு ஓரமாக உட்கார்ந்தேன். கம்மங்கூழ் சார் ஒன்றும் பேசவில்லை, என் பொட்டலத்தை எடுத்து மேசை நடுவில் பிரித்துவைத்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தார். அப்படியே ஒரு டம்ளர் கூழை என் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து நானும் அந்தப் பந்தியில் ஓர் ஆள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். திருத்தும் அறைக்குள் செல்போன் கூடாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போனை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தால் மனது தாளில் நிற்காது. எங்கள் சி.இ. இதைக் கவனித்துவிட்டு, முகாம் அலுவலரிடம் பேசி, ஆபீஸ் ரூம் நம்பரை என் தங்கைக்குக் கொடுக்க வைத்தார். "அவசரம்னா அந்த நம்பருக்கு வரும், நானே வந்து சொல்லுவேன். நான் வரலைன்னா அம்மா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். தாளைப் பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மதியம் முழுக்க நிம்மதியாகத் திருத்தினேன். அம்மா இன்று எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

வால்பாறை டீச்சர் (புதன், இரவு 9.40)

அம்மா நல்லா இருக்கட்டுங்க சார்.

நான் மலையிலிருந்து இறங்கி வந்து திருத்துகிறவள். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. தினமும் போய்வந்தால் காலை 12 தாளுக்குள்ளேயே தலை சுற்றிவிடும். லாட்ஜில் தங்கலாம் என்றிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கணக்கு டீச்சர், போன வருடம் கேம்ப்பில் பக்கத்து அறையில் இருந்தவர், "லாட்ஜுக்கெல்லாம் போகக் கூடாதுங்க, நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

போன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வீட்டில் இரண்டே அறை. ஒன்றை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு அவர்கள் ஹாலில் படுத்துக்கொள்கிறார்கள். நான் சங்கடப்படுவேன் என்று அவருடைய மாமியார், "பசங்களுக்கு ஹால்ல படுக்கறதுன்னா திருவிழா மாதிரி கண்ணு" என்கிறார். மலையில் இருந்து வந்தவளுக்கு இந்தச் சூடு தாங்காது என்று ராத்திரி எனக்காகத் தண்ணீர் தொட்டியை வாசலில் நிழலுக்கு நகர்த்தி வைத்திருக்கிறார், குளிக்கத் தண்ணீர் கொதிக்கக் கூடாதாம். காலையில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டப்பா கட்டித் தருகிறார்.

பதிலுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். மலைக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எஸ்.ஓ. மேசை (புதன், இரவு 10.20)

கூர்ந்தாய்வு அலுவலராக இருப்பதால் என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70 மார்க். செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்த 30-ஐயும் ஒரு பிள்ளை முழுதாக வாங்கியிருந்தாலும், எழுத்துத் தேர்வில் 15 வராவிட்டால் தேர்ச்சி கிடையாது. திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் ஒரு தாளில் கூட்டல் 13 அல்லது 14 என்று வந்து நின்றால் அந்த மேசையில் இருக்கும் எல்லோருக்கும் கை ஓடாது.

எங்கள் போர்டில் யாரும் பேசிவைத்துக்கொள்ளாமல் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. 14 வந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டு "சார், ஒரு தடவை பார்க்கலாமா?" என்பார். எவ்வளவு வேலை இருந்தாலும் அந்தத் தாள் என் கைக்கு வந்துவிடும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுவேன். இல்லாத மார்க்கைத் தூக்கிப் போடுவதற்காக அல்ல. இருக்கிற மார்க் விட்டுப் போயிருக்கக் கூடாது.

பிள்ளைகள் எழுதுகிற விதம் உங்களுக்குத் தெரியும். 34-வது கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு நான்கு பக்கம் தள்ளி எண் போடாமல் தொடர்வார்கள். வீட்ஸ்டோன் சமனச்சுற்றுக்குப் படத்தை மட்டும் வரைந்து, அடியில் சூத்திரத்தை எழுதிவிட்டு, விளக்கம் வராமல் அடுத்ததற்குப் போயிருப்பார்கள். கணக்கில் கடைசி விடை தப்பாக இருக்கும், ஆனால் சூத்திரமும் மதிப்புகளைப் பொருத்தியதும் சரியாக இருக்கும். விடைக்குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் மார்க் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதைத் தேடிக் கொடுப்பதுதான் நம் வேலை.

நேற்று அப்படி ஒரு தாள். மதியம் மூன்று மணி, மின்விசிறி காற்றும் சூடாக வருகிற நேரம். 14. ஏ.இ. பொறுமையாகத்தான் திருத்தியிருந்தார். நான் புரட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை. எதிரில் இருந்த டீச்சர் தன் தாளை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில், பிள்ளையே கோடு போட்டுத் தனியாகப் பிரித்து வைத்திருந்த கணக்கு வேலைக்கு நடுவே, ஒரு இரண்டு மார்க் விடையின் மீதிப் பாதி இருந்தது. எண்ணும் போட்டிருந்தது, ஆனால் பக்க ஓரத்தில், தையலுக்கு அருகில். சி.இ.யிடம் காட்டினோம். அவர் விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, பார்த்து, கையெழுத்திட்டார். 15.

அந்தப் பிள்ளை யார், எந்த ஊர் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஏ.இ. எழுந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார்.

நான் இங்கே எழுத வந்த விஷயம் அந்த எதிர் டீச்சரைப் பற்றி. தன் 12 தாளை முடித்துவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதைக் கேட்காமல் நம் மேசைக்கு எட்டிப் பார்த்தார். இப்படி ஆட்கள் கூட இருக்கும்போது, என் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும் என்ற தைரியத்தில் வேலை பார்க்கிறேன்.

இயற்பியல் டீச்சர் (புதன், இரவு 10.35)

சார், இதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். எங்கள் போர்டிலும் இப்படித்தான். 14 என்ற சத்தம் கேட்டால் எல்லாத் தலையும் நிமிரும்.

தமிழாசிரியை (வியாழன், காலை 6.10)

எல்லாவற்றையும் படித்தேன். மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் போக முடியவில்லை.

எங்கள் கேம்ப் நடக்கும் பள்ளியில் நாங்கள் திருத்தும் மாடியில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. அதனால் பாதிப் பேர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். ஏப்ரல் மாதத்தில், எட்டு மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல்! இரண்டு பேருக்கு நேற்று நீர்க்கடுப்பு. எங்கள் அறையில் இரண்டு மின்விசிறி ஓடுவதில்லை.

கூட இருப்பவர்கள் தங்கமானவர்கள். ஒருவர் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் தூக்கிவருகிறார், மின்விசிறிக்கு அடியில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கேனைத் தூக்கிவர வேண்டியது அவரா? நமக்குள் நாம் அனுசரித்துக்கொள்ள அனுசரித்துக்கொள்ள, செய்ய வேண்டியவர்கள் செய்யாமலேயே கேம்ப் நன்றாக நடந்து முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த வருடமும் அதே கழிப்பறை. நன்றி சொல்கிற வேகத்தில் இதை நாம் விழுங்கிவிடுகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

கரிசல்காட்டு சார் (வியாழன், காலை 7.05)

டீச்சர் சொல்வது நியாயம். ஆண்கள் பக்கம் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவே இல்லை. பஸ் வந்துவிட்டது, சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.

வணிகவியல் அக்கா (வியாழன், மாலை 6.45)

தமிழாசிரியைக்குப் பதில் சொல்ல நாள் முழுக்க மனதில் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

முன்பு ஒரு கேம்ப்பில் எங்களுக்கும் இதே கதைதான். கீழ்த்தளத்தில் நல்ல கழிப்பறை ஒன்று பூட்டியே கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைப் பேச்சில் எல்லோரும் பொருமினோம், ஆனால் எழுதிக் கொடுக்கலாம் என்றவுடன் கை பின்வாங்கியது. முதல் கையெழுத்து யாருடையதோ அவர்தான் தலைவி என்று ஆகிவிடும் என்ற பயம். எங்களில் தகுதிகாண் பருவம் முடியாத, வேலை இன்னும் உறுதியாகாத இளம் ஆசிரியப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் பயத்தில் அர்த்தம் இருந்தது.

அப்போது பொருளியல் டீச்சர் ஒருவர், சத்தமே போடாதவர், அரைப்பக்கத்தில் கோரிக்கையை எழுதினார். கீழே ஒரு டிபன் பாக்ஸ் மூடியை வைத்துப் பெரிய வட்டம் வரைந்தார். வட்டத்தைச் சுற்றி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எது முதல், எது கடைசி என்று சொல்ல முடியாது. தகுதிகாண் பருவத்துப் பிள்ளைகளிடம் "நீங்க போட வேண்டாம், நாங்க இருக்கோம்" என்று அவரே சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவர்களும் வாங்கிப் போட்டார்கள்.

இடைவேளையில் முகாம் அலுவலரிடம் போய்க் கொடுத்தோம். அவரும் மனிதர்தானே, ஆயிரம் வேலைக்கு நடுவில் இது அவர் காதுக்கே போயிருக்கவில்லை. சாவி கிடைத்தது. மறுநாள் தண்ணீர் லாரி வந்தது.

எனக்குக் கிடைத்த கொடுப்பினைகளில் அந்த வட்டத்தைத்தான் முதலில் சொல்வேன். கம்மங்கூழ் பகிர்ந்துகொள்வதும் துணைதான், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போடுவதும் துணைதான். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை டீச்சர். ஒரே மேசையில் சாப்பிட்டுப் பழகியிருக்காவிட்டால் அந்த வட்டத்தில் நாங்கள் சேர்ந்திருக்க மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

தமிழாசிரியை (வியாழன், இரவு 7.30)

அக்கா, வட்டம். இதை நாளைக்கே செய்கிறேன். எங்கள் அறையில் யாரிடமெல்லாம் பேசலாம் என்று இப்போதே மனதில் கணக்குப் போடுகிறேன்.

தாவரவியல் டீச்சர் (வியாழன், இரவு 8.05)

உயிரியல் தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தாவரவியல் 35, விலங்கியல் 35. ஒரே பிள்ளையின் மார்க், நாங்கள் பாதி, அவர்கள் பாதி. பள்ளியில் ஆய்வகத்துக்காகச் சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு துறையும் கேம்ப்பில் ஒன்றையொன்று எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

இந்த வாரம் எனக்கு மாதவிலக்கு. இரண்டாம் நாள், இடுப்பு கழன்றுவிடும் போல வலி. எங்கள் அறை இரண்டாம் மாடியில், விடைத்தாள் கட்டு வாங்கக் கீழே போக வேண்டும். விலங்கியல் டீச்சர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு என் கட்டை அவர் வாங்க முடியாது. அதனால் என்னோடு கீழே இறங்கிவந்து, நான் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அதைத் தன் கட்டோடு சேர்த்து எனக்கு முன்னால் தூக்கிக்கொண்டு ஏறினார். மாலையில் திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. வெந்நீர் ஒரு பிளாஸ்கில் என் காலடியில் இருந்தது, யார் வைத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

இதை வெளிப்படையாக எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால்தான் அடுத்த நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தோன்றும் என்று எழுதிவிட்டேன்.

ஆய்வக உதவியாளர் (வியாழன், இரவு 9.00)

நானும் இங்கே எழுதலாமா? நான் திருத்துகிறவன் இல்லை. கட்டுகளை ஸ்ட்ராங் ரூமிலிருந்து எடுத்து அறைக்குக் கொடுப்பது, திரும்ப வாங்கி அடுக்குவது, தண்ணீர் வைப்பது, மணி அடிப்பது எங்கள் வேலை. நீங்கள் வருவதற்கு முன்னால் வருவோம், நீங்கள் போன பிறகுதான் போவோம்.

எனக்கு இந்த வாரத்தில் நல்லது என்றால் இது. சில டீச்சர்மார், சார்மார் தாள்களைத் திருத்தி முடித்ததும் எண் வரிசைப்படி அடுக்கி, நூலை இழுத்துக் கட்டி, மேலே கட்டு எண் தெரிகிற மாதிரி வைத்துத் தருவார்கள். சிலர் அவசரத்தில் கலைந்தபடி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அவர்களைத் தப்பு சொல்லவில்லை, கடைசி பஸ் போனால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசையாக வரும் ஒவ்வொரு கட்டும் எங்களுக்குக் கால் மணி நேரம். ஓர் அறை முழுக்க அப்படி வந்தால் அன்றைக்கு என் மகள் தூங்குவதற்கு முன் வீட்டுக்குப் போய்விடுவேன்.

முந்தாநாள் ஒரு சார் தன் அறையில் எல்லோரும் அடுக்கிக் கட்டும் வரை நின்று வாங்கி, மொத்தத்தையும் என் கையில் கொடுத்து, "சரியா இருக்கான்னு பாத்துக்கோ தம்பி" என்றார். அன்றைக்கு மகளோடு சேர்ந்து சாப்பிட்டேன்.

எஸ்.ஓ. மேசை (வியாழன், இரவு 9.20)

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நாளைக் காலை எங்கள் போர்டில் இதை அப்படியே சொல்லப்போகிறேன். கட்டு வரிசைப்படி வந்தால் அதற்குப் பிறகு பார்க்கிற எம்.வி.ஓ.க்களுக்கும் வேலை சுலபம். மதிப்பெண் சரிபார்க்கிறவர்கள்தான் நம் கூட்டலுக்குக் கடைசிக் காவல். விடைத்தாள் நகலை மாணவர்கள் வாங்கிப் பார்க்கிற காலம் இது. ஒரு கூட்டல் பிசகு அங்கே போய்த் தெரிந்தால் பிள்ளைக்கு எவ்வளவு மனக்கஷ்டம், நமக்கும் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதற்கு முன்பே அதைப் பிடித்து, "சார், இந்த 3-ஐச் சேர்க்கணும் போல" என்று தணிந்த குரலில் சொல்கிற எம்.வி.ஓ.வை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

புதிய முதுகலை ஆசிரியர் (வியாழன், இரவு 10.10)

வணக்கம். ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் வேலைக்கு வந்து இப்போதுதான் முதல் கேம்ப். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதத் தயக்கமாக இருந்தது.

முதல் நாள் முதல் தாளில் மார்க் போடவே கை வரவில்லை. ஒரு பிள்ளை வாழ்க்கை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் மூன்றாவது தாளில் இருந்தபோது நான் முதல் தாளின் பத்தாவது பக்கத்தில் இருந்தேன். சி.இ. மேடம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேகமாகத் திருத்து என்று சொல்லவே இல்லை. "இந்த விடைக்கு நீ எவ்வளவு போடுவே? ஏன்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "சரிதான், போடு" என்றார். அப்படியே ஐந்தாறு விடை. பிறகு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு என் கை ஓடியது. இன்று மதியம் மற்றவர்களோடு சேர்ந்து முடித்தேன்.

பெரியவர்களிடம் ஒரு கேள்வி. விரல் மரத்துப் போகிறது, கண் எரிகிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கடைசி கேம்ப் (வியாழன், இரவு 10.50)

தம்பிக்கு நான் சொல்கிறேன். எனக்கு 60 முடிந்துவிட்டது, கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் இருக்கிறேன். இதோடு கேம்ப் முடிந்தது.

பேனாவை அழுத்திப் பிடிக்காதே, கட்டை விரல் வலிக்கும். சிவப்பு மை நன்றாக ஓடுகிற பேனா மூன்று நான்கு வைத்துக்கொள், கனமான பேனா வேண்டாம். நான்கு தாளுக்கு ஒரு முறை ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பார். கூட்டலைத் திருத்திய கையோடு போடாதே, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போடு. மதியம் வயிறு முட்டச் சாப்பிடாதே. ராத்திரி பஸ்ஸில் செல்போன் பார்க்காதே, கண் அங்கேதான் கெடுகிறது.

பாடத்துக்கு 200, மொத்தம் 1200 என்றிருந்த காலத்திலிருந்து திருத்துகிறேன். 2019-இல் பிளஸ் டூவுக்கு மொத்தம் 600 ஆனது. முறை எவ்வளவோ மாறிவிட்டது. எனக்கு இந்த வருடம் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். சில பிள்ளைகள் மை தீர்ந்த பேனாவால் எழுதினாற்போல் மங்கலாக எழுதியிருப்பார்கள், டியூப்லைட்டில் சரியாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் இருந்த டீச்சர் முதல் நாளே எழுந்து, "சார், எனக்கு இங்க வெயில் அடிக்குது, நீங்க மாறிக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயிலே வராது. நான் மறு பேச்சில்லாமல் மாறிக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது.

சால்வை, மாலை எதுவும் வேண்டாம் என்று எங்கள் போர்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலே எனக்குப் போதும்.

வால்பாறை டீச்சர் (வெள்ளி, காலை 6.30)

ஐயா, வணக்கமுங்க. வடக்கு ஜன்னல் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த டீச்சருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்க.

தமிழாசிரியை (வெள்ளி, இரவு 7.15)

என்ன நடந்தது என்று சொல்கிறேன். காலை இடைவேளையில் கோரிக்கையை எழுதினேன், வட்டம் வரைந்தேன். கேன் தூக்கிவருகிறாரே, அந்த டீச்சர்தான் முதலில் பேனாவை வாங்கினார். பக்கத்து இரண்டு அறையிலும் போட்டார்கள். ஆண் ஆசிரியர்கள் சிலர் தாங்களாக வந்து "நாங்களும் போடலாமா?" என்றார்கள். அவர்கள் மாடியில் தண்ணீர் வருகிறதாம், ஆனாலும் போட்டார்கள்.

மதியம் போய்க் கொடுத்தோம். மின்விசிறிக்கு நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருவதாகச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் ஆசிரியர் அறையை ஒட்டிய கழிப்பறையை உடனே திறந்துவிட்டார்கள், அங்கே தண்ணீர் வருகிறது. மாடிக் குழாய்க்கு இன்னும் வழி பிறக்கவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் மறுபடி போவோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இன்று மதியம் எங்கள் அறையில் எல்லோரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம்.

ஆய்வக உதவியாளர் (வெள்ளி, இரவு 9.10)

இன்று இரண்டு அறையிலிருந்து எல்லாக் கட்டும் வரிசையாக வந்தது. இங்கே படித்தவர்களா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் நன்றி.

புதிய முதுகலை ஆசிரியர் (வெள்ளி, இரவு 9.30)

ஐயா சொன்னபடி தண்ணீர் குடித்துவிட்டுக் கூட்டல் போட்டேன், எம்.வி.ஓ. எதையும் திருப்பி அனுப்பவில்லை. நாளை சனிக்கிழமையும் உண்டு என்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து காலை டவுன் பஸ் சனிக்கிழமை லேட். ஒன்பது மணிக்குள் எப்படி வருவது என்று தெரியவில்லை.

இயற்பியல் டீச்சர் (வெள்ளி, இரவு 9.40)

தம்பி, நீங்களும் எங்கள் மாவட்ட கேம்ப்தானே? எந்தப் பக்கம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் காலையில் என்னை காரில் கொண்டுவிடுகிறார், பின் சீட்டு காலிதான். "ஏ, பி" டீச்சரும் பைபாஸில் ஏறிக்கொள்கிறார். எட்டே காலுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பால் பூத்தில் நில்லுங்கள். காலைச் சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டாம், நான்கு பேருக்கும் சேர்த்து இட்லிக்கு மாவு இருக்கிறது.